பத்தொன்பதாம் திகதியோடு நின்ற கொப்பி

நீங்கள் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறீர்கள். இன்ஹேலரை எப்படிப் பிடிக்கச் சொல்வது, இழுப்புக் கூடிய பிள்ளையை எப்படி உட்கார வைப்பது என்பதையெல்லாம் என்னைவிட நன்றாகவே படித்திருப்பீர்கள். ஓய்வுபெற்ற ஒரு நேர்ஸ் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வந்து அதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. முப்பத்திரண்டு வருடம் நேர்ஸாக வேலை செய்தேன். அதில் கடைசிப் பதினொரு வருடம் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில், பிள்ளைகளுக்கான ஆஸ்துமா கிளினிக்கில் இருந்தேன். கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள். அந்தப் பெயரோடு நான் செய்த பிழை ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன்.

தாரணிக்கு அப்போது பதின்மூன்று வயது. கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தின் மூன்றாம் தட்டில் வீடு. அப்பா புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடை ஒன்றில் வேலை செய்தார். அம்மா செல்வி, தையல் நிலையம் ஒன்றில் வேலை செய்தவர். மூத்த மகளுக்கு அடிக்கடி மூச்சு முட்டத் தொடங்கியதும் வேலையை விட்டுவிட்டார். தாரணிக்கு ஐந்து வயதுத் தங்கச்சி ஒருத்தி இருந்தாள். மலையகத்திலிருந்து கொழும்புக்கு வந்து இரண்டு தலைமுறையான குடும்பம். என்னுடைய யாழ்ப்பாணத் தமிழ் தாரணிக்கு வேடிக்கை. முதல் வருடம் நான் எதைச் சொன்னாலும் தாயின் முந்தானைக்குப் பின்னால் நின்று அதே மாதிரிச் சொல்லிப் பார்ப்பாள். "சொல்லுங்கோ, இருங்கோ, ஊதுங்கோ" என்று இழுத்துச் சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

ஒன்பது வயதில் முதன்முதலாக வந்தபோது தகப்பன் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். உதடு நீலம். அந்த வருடம் நான்கு தடவை வார்டில் இருந்தாள். பிறகு மெல்ல மெல்ல வாரா வாரம் வந்தவள் மாதம் ஒருமுறை வரத் தொடங்கினாள். பன்னிரண்டு வயதாகும்போது எங்கள் கிளினிக்கின் முதல்தரமான பிள்ளை அவள்தான் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

அதற்குக் காரணம் அவளுடைய கொப்பி. உங்களுக்குத் தெரியும், பிள்ளை ஒரு சின்னக் குழாயில் பலமாக ஊத, முள் எந்த இலக்கத்தில் நிற்கிறதோ அதைக் காலையும் மாலையும் எழுதிவரச் சொல்வோம். இலக்கம் இறங்கினால் மூச்சுக்குழாய் சுருங்குகிறது என்று அர்த்தம். மற்றப் பிள்ளைகள் கொண்டுவருகிற கொப்பிகளில் பாதி நாள் இருக்காது. தேநீர் கொட்டியிருக்கும். தாய்மார் வாசலில் நின்று அவசரமாக நிரப்புவதை நானே கண்டிருக்கிறேன். தாரணியின் கொப்பியோ அச்சடித்ததுபோல் இருக்கும். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, காலைக்கு நீலம், மாலைக்குச் சிவப்பு. இலக்கங்கள் முந்நூறுக்குக் கீழே இறங்கியதே இல்லை.

நான் அந்தக் கொப்பியைத் தூக்கிப் பிடித்து, வரிசையில் இருந்த தாய்மாருக்குக் காட்டியிருக்கிறேன். "இந்தப் பிள்ளையைப் பாருங்கோ. இப்பிடி இருந்தா ஏன் வருத்தம் வரப்போகுது" என்று சொல்லியிருக்கிறேன். அவளை எழுந்து நிற்கவும் வைத்திருக்கிறேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வெட்கம் என்று நினைத்தேன்.

கொப்பி நன்றாக இருந்ததால், அவளை என் முன்னால் ஊதவைப்பதை நிறுத்திவிட்டேன். இது என் முதல் பிழை. அறுபது பிள்ளைகள் காத்திருக்கும் காலை நேரத்தில் ஒருத்திக்கு மூன்று நிமிடம் மிச்சமென்றால் அது எனக்குப் பெரிய லாபமாகத் தெரிந்தது.

அந்த வருடத்தில் அவள் மெலிந்திருந்தாள். என் பேச்சைத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பது எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தால் எனக்கு நினைவில்லை. கண்ணுக்குக் கீழே கருமை. "இரவில இருமல் இருக்கா?" என்று கேட்டேன். இல்லை என்றாள். "இருமல் இல்லை" என்று எழுதினேன். அப்படியானால் ஏன் நித்திரை இல்லை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தாயிடம் விசாரித்தபோது அவர் நிம்மதியாகத்தான் பேசினார்.

"இப்ப ஒரு தொந்தரவும் இல்ல மிஸ். முன்னாடியெல்லாம் அங்க போகணும், இங்க போகணும்னு அழுவா. இப்ப ஒண்ணுமே கேக்கிறதில்ல. ஸ்கூல் விட்டு வந்தா கட்டில்லயே இருப்பா. சொன்னா சொன்னபடி."

அதையும் நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்றுமே கேட்பதில்லை என்று ஒரு தாய் சொல்கிறார். நான் தலையாட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுகிறேன்.

இனி அந்தப் புதன்கிழமை. மாதத்தின் பதினோராம் திகதி. ஒரு வாரமாக மழை. மழை நாட்களில் எங்கள் கிளினிக் நிரம்பி வழியும். உள்ளே ஒரு குழந்தைக்கு நெபுலைசர் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ தன் வரிசை இலக்கம் தவறிவிட்டது என்று சிங்களத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். டொக்டர் இளம் ஆள். எங்களிடம் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தாரணி தனியாக என் மேசைக்கு வந்தாள். தாய் மருந்து வரிசையில் நின்றார்.

கொப்பியை வாங்கி, வழக்கம்போல் கீழே கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். இலக்கங்கள் வரிசையாக அழகாக இருந்தன. முந்நூற்றுப் பத்து, முந்நூற்று இருபது, முந்நூற்றுப் பத்து. கையெழுத்துக்கு இடம் தேடிப் பார்வை கீழே போனபோதுதான் கண்டேன். பன்னிரண்டாம் திகதிக்கும் இலக்கம் இருந்தது. பதின்மூன்றுக்கும் இருந்தது. இன்னும் விடியாத நாட்களுக்கெல்லாம் அவள் ஏற்கெனவே ஊதி முடித்திருந்தாள்.

முதலில் எனக்கு வந்தது கோபம். அதை மறைக்கப் போவதில்லை. இத்தனை மாதம் என்னை ஏமாற்றியிருக்கிறாள், நான் இதைத் தூக்கிப் பிடித்து ஊருக்குக் காட்டியிருக்கிறேன் என்ற கோபம். ஏசுவதற்காக வாயைத் திறந்தேன். அப்போது கண்ணில் பட்டது, இலக்கங்கள் பத்தொன்பதாம் திகதி காலையோடு நின்றிருந்தன. எப்போதும் மாத முடிவுவரை அடிமட்டம் வைத்துக் கோடு போடுகிற பிள்ளை, இந்த மாதம் அந்த இடத்தோடு கோட்டையும் நிறுத்தியிருந்தாள். அதன் கீழே பக்கம் வெள்ளையாக இருந்தது.

"ஏன் பிள்ளை பத்தொன்பதோட நிப்பாட்டினனீர்?" என்று கேட்டேன். குரல் எப்படி வந்ததோ தெரியாது.

"அதுக்கப்புறம் தேவைப்படாது மிஸ்."

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல் சொன்னாள். அழவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை.

"ஏன் தேவைப்படாது?"

மேசை விளிம்பை விரலால் தடவினாள். பிறகு, "பதினெட்டு தங்கச்சியோட பேர்த்டே. அது முடியட்டும்னு" என்றாள்.

 உங்களில் சிலர் நினைக்கலாம், இத்தனை வருட அனுபவமுள்ளவர் அந்த இடத்தில் சரியானதைச் சொல்லியிருப்பார் என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அம்மா உமக்காக எவ்வளவு பாடுபடுறா எண்டு யோசிச்சுப் பாத்தனீரா?"

அவள் அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அதத்தான் மிஸ் யோசிச்சேன்."

முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனையோ மரணங்களைப் பார்த்தவள் நான். எதுவும் என்னை அப்படி அடித்ததில்லை. அவளைத் தடுக்கும் என்று நினைத்து நான் எடுத்த வார்த்தைதான் அவளை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் விட்டிருந்தது. அம்மா வேலையை விட்டது தன்னால். அப்பா ஞாயிற்றுக்கிழமையும் கடைக்குப் போவது தன்னால். தங்கச்சி ஆசைப்பட்ட பூனைக்குட்டியை வேண்டாம் என்றது தன்னால். அவள் வேறு எதையும் யோசிக்கவேயில்லை, அதை மட்டும்தான் யோசித்திருக்கிறாள்.

உள்ளேயிருந்து டொக்டர் அடுத்த பிள்ளையை அனுப்பும்படி கூப்பிட்டார். வாசலில் சத்தம் கூடியது. எங்கள் கிளினிக்கைத் துப்புரவு செய்யும் அக்கா வாளியோடு அந்தப் பக்கமாக வந்தார். நான் அவரிடம், "அக்கா, ஒருத்தரையும் உள்ளுக்கு விடாதேங்கோ" என்றேன். அவர் தாரணியை ஒரு பார்வை பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. வாளியை வாசலுக்குக் குறுக்கே வைத்துவிட்டுத் தானும் அங்கேயே நின்றுகொண்டார்.

நான் மேசையைச் சுற்றி வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். புத்திமதி ஒன்றும் சொல்லக்கூடாது என்று எனக்குள் முடிவு செய்தேன். ஏற்கெனவே ஒன்று சொல்லி நாசம் பண்ணியாகிவிட்டது. நேராகக் கேட்டேன். "தாரணி, செத்துப்போக வேணும் எண்டு நினைக்கிறீரா?"

இப்படிக் கேட்க நீங்கள் பயப்படுவீர்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே போட்டுவிடுவோமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. அவளுக்குத் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியதை நான் கண்ணால் கண்டேன். "ஆமா" என்றாள். அதன் பிறகுதான் அழுகை வந்தது. அழுதபோது மூச்சு இழுத்தது. அந்த இழுப்பின் சத்தத்தைக் கேட்டவுடன்தான், இந்தப் பிள்ளையின் நெஞ்சை நான் எத்தனை மாதமாகக் கவனிக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது.

அழுகை அடங்கியதும் ஊதச் சொன்னேன். முள் இருநூற்றிருபதில் நின்றது.

தடுப்பு இன்ஹேலரை இரண்டு மாதமாக எடுக்கவில்லை என்று சொன்னாள். மறதியால் அல்ல. எடுத்து என்ன என்று தோன்றியதாம். இரவில் மூச்சு முட்டினால் அம்மாவை எழுப்பக்கூடாது என்று தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பாளாம். இலக்கங்களை மாதத்துக்கு ஒருநாள் ஒரேயடியாக எழுதிவிடுவாளாம். "நீங்க சந்தோஷப்படுவீங்க மிஸ்" என்றாள்.

"இதை நான் எனக்குள்ள வைச்சிருக்க ஏலாது. டொக்டரிட்டயும் அம்மாவிட்டயும் சொல்லத்தான் வேணும். நீர் பக்கத்தில இருக்கேக்கதான் சொல்லுவன். உம்மைத் தனிய விட்டிட்டுப் போகமாட்டன்" என்றேன். அவள் என் சீருடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வயதில் அப்படித்தான் பிடிப்பாள்.

டொக்டரிடம் அவளையும் கூட்டிக்கொண்டே போனேன். சிங்களத்தில் சுருக்கமாகச் சொன்னேன். அவர் மேசையில் குவிந்திருந்த அட்டைகளைப் பார்த்தார். பாவம், அவரும் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "மிஸ், வெளியே இன்னும் நாற்பது பேர். மனநல கிளினிக்குக்கு ஒரு கடிதம் தருகிறேன். அடுத்த புதன் இடம் கிடைக்கும்" என்றார்.

"அடுத்த புதன் பதினெட்டாம் திகதி, டொக்டர்" என்று சொல்லிவிட்டு, கொப்பியை அவர் முன்னால் விரித்து வைத்தேன்.

அவர் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்தார். வெள்ளையாக இருந்த இடத்துக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து போய் முதலில் அவளுடைய நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். நெபுலைசரைப் போடச் சொன்னார். பிறகு போனை எடுத்து, பிள்ளைகளுக்கான மனநலப் பெண் டொக்டரைத் தேடிப் பிடித்து, இன்றைக்கே பார்க்க வேண்டும் என்றார். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ மறுப்பு வந்திருக்க வேண்டும். "இல்லை, நாளைக்கும் இல்லை, இன்றைக்கு" என்று இவர் மூன்று தடவை சொன்னதை நான் கேட்டேன். அந்த வயதில் அப்படி ஒரு மூத்த டொக்டரிடம் வற்புறுத்துவது லேசான காரியமில்லை.

தாயிடம் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. செல்வி மருந்துப் பையோடு வந்து உட்கார்ந்தார். நான் சொல்லி முடித்ததும் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார்.

"என்ன மிஸ் நீங்க. இவ கிளாஸ்ல மூணாம் பிள்ள. வீட்டுல சண்டகூடப் போடுறதில்ல. அவ கொப்பிய நீங்கதானே எல்லாருக்கும் காட்டுனீங்க. மிஸ் பாராட்டுற கொப்பிய நான் என்னத்துக்குப் பாக்கணும்னு நான் தொறந்துகூடப் பாக்கல."

பிறகு அவருடைய முகம் மாறியது. கைப்பையைத் துழாவி, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "நீங்க சொன்னதுல ஒண்ணையும் நான் விடல மிஸ். பாருங்க. ஒண்ணையும் விடல."

என் கையெழுத்து. வருடக்கணக்காக, ஒவ்வொரு தடவை வரும்போதும் அப்போதைக்கப்போது நான் சொல்லி எழுதிக் கொடுத்தவை. ஓட வேண்டாம். ஐஸ்கிரீம் வேண்டாம். பூனை, நாய் வேண்டாம். மழையில் வேண்டாம். சுற்றுலா வேண்டாம். நெட்போல் இந்தத் தவணை வேண்டாம். கடற்கரையில் காற்று, வேண்டாம். கோயில் திருவிழாவில் புகை, வேண்டாம். ஒவ்வொன்றையும் நான் ஒரு கிழமைக்கு, ஒரு மாதத்துக்கு என்று நினைத்துத்தான் எழுதியிருப்பேன். ஒன்றைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை. பிள்ளை தேறியபோதும், "இனி ஓடலாம்" என்று ஒரு வரி எழுதிக் கொடுக்க எனக்கு நினைவு வரவில்லை. அந்தத் தாய் எல்லாவற்றையும் ஒரே தாளில் ஒட்டி, உறை போட்டு, சமையலறைச் சுவரில் மாட்டியிருந்தாராம். அன்று சும்மா கையோடு கொண்டுவந்திருந்தார், மருந்துக் கடையில் ஏதோ கேட்பதற்காக.

அந்தத் தாளை வாசித்து முடித்தபோது, ஒரு பிள்ளைக்கு, விடுகிற மூச்சைத் தவிர வேறு எதையும் நான் மிச்சம் வைக்கவில்லை என்று கண்டேன். அந்த மூச்சும் சரியாக இருக்கவில்லை.

"பிழை உங்களில இல்லை, செல்வி. நான் எழுதினதைத்தான் நீங்கள் செய்தனீங்கள்" என்றேன். அவர் அதைக் கேட்டாரா தெரியாது. மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "ஏன்டி, ஏன்டி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். தாரணி தாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் முதல் வேலையாக அந்தத் தாளைக் கேட்டு வாங்கிவிட்டேன்.

அன்று மாலையே அவளை வார்டில் சேர்த்தோம். நெஞ்சுக்கும் மருந்து, மனதுக்கும் மருத்துவம். மனச்சோர்வு என்று சொன்னார்கள். வீட்டில் என்னென்ன எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்று தகப்பனை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். தங்கச்சியின் பிறந்தநாளன்று கேக்கை வார்டுக்கே கொண்டுவந்து வெட்டினார்கள். மறுநாள், பத்தொன்பதாம் திகதி, காலையிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தேன். தாரணி பக்கத்துக் கட்டில் பிள்ளையோடு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், காலைச் சாப்பாட்டில் உப்பில்லை என்று முறையிட்டாள். நான் படிக்கட்டில் போய் நின்று அழுதேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று கதையை முடிக்க எனக்கு விருப்பம்தான். அப்படி இல்லை. ஒன்றரை வருடம் மனநல டொக்டரோடு கதைத்துக் கதைத்துத்தான் மெல்லத் தேறினாள். நடுவில் ஒருமுறை திரும்பவும் இருண்டு போனாள். ஆனால் அந்தத் தடவை தானே தாயை எழுப்பிச் சொன்னாள். செல்வி பழையபடி தையலுக்குப் போகிறார், அரைநாள். தாரணி இப்போது உயர்தரம் படிக்கிறாள். இழுப்பு இன்னமும் இருக்கிறது. அதோடு பள்ளிக்கூடத்தில் ஓடவும் ஓடுகிறாள். அந்தக் கொப்பியை அன்று, எழுதியிருந்ததை மறந்துபோய்க் கொண்டுவந்தாளா, யாராவது காணட்டும் என்று கொண்டுவந்தாளா என்று ஒருநாள் அவளிடமே கேட்டேன். தனக்கும் தெரியாது என்றாள்.

துப்புரவு செய்யும் அக்காவிடம் நன்றி சொல்லப் போனபோது அவர் சொன்னதையும் உங்களிடம் மறைக்கக்கூடாது. "அந்தப் புள்ள மூணு மாசமா வெளி பெஞ்சுல செவத்தப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கும் மிஸ். யாரோடயும் பேசாது. நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்." அவர் குற்றம் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் தூக்கிவாரிப் போட்டது.

தாரணி வார்டில் இருந்த அந்த அடுத்த புதன், நல்ல கொப்பி கொண்டுவருகிற பிள்ளைகளின் பெயர்களைத் தனியாக எடுத்தேன். தொந்தரவு தராத பிள்ளைகள். நான் பாராட்டிய பிள்ளைகள். தாய் தகப்பனை வெளியே இருத்திவிட்டு, ஒவ்வொருவரையும் என் முன்னால் ஊதச் செய்து, பிறகு கேட்டேன். மனம் எப்படி இருக்கிறது, எதைச் செய்ய ஆசை விட்டுப்போனது, இல்லாமல் போய்விட்டால் நல்லது என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா என்று. ஒன்றும் வராது என்று நினைத்தேன். அந்த ஒரு காலையில் மூன்று பிள்ளைகள் என் முன்னால் அழுதார்கள். வருடக்கணக்காக நான் மாதத்துக்கு மாதம் கண்ட முகங்கள்.

மூன்றாவது பிள்ளை கொம்பனித்தெருவிலிருந்து வருகிற ஹஸ்னா. பத்து வயது. முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்: "இத ஏன் மிஸ் இதுக்கு முந்தி ஒரு நாளும் கேக்கல்ல?"

"எனக்குக் கேக்கத் தெரியேல்லை, பிள்ளை" என்றேன்.

 பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, கதிரையை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.